பணிக்கரின் இரண்டு வேலைகள்: ஆசிரியராக இருந்துகொண்டே ஓவியராக இருந்த 26 ஆண்டுகள்

ஓவியக் கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கிளம்புகிற நேரத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "சார், டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போயிட்டா அப்புறம் படம் போட முடியுமா?"

பதினான்கு வருடமாக அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது முடிக்கலாம் என்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த கேன்வாஸ் ஒன்று எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் மூன்று வருடம் கிடந்தது. அதனால் அந்தக் கேள்விக்கு "முடியும்ப்பா, மனசு இருந்தா மார்க்கம் உண்டு" என்று சொல்லி அனுப்ப எனக்கு வாய் வருவதில்லை. அவர்கள் கேட்பது ஆறுதலை அல்ல. யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா, எப்படிச் செய்தார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. கே.சி.எஸ். பணிக்கர். 1941 முதல் 1967 வரை சென்னை ஓவியப் பள்ளியில் ஆசிரியர், துணை முதல்வர், முதல்வர். அவருடைய மிக முக்கியமான ஓவிய வரிசை பிறந்தது அவர் முதல்வர் நாற்காலியில் இருந்தபோது. ஆசிரியராகவும் இருந்த ஐரோப்பிய ஓவியர் பால் கிளேயைக் காட்டினால் "அது ஐரோப்பா சார்" என்று பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள். பணிக்கரை அப்படித் தள்ள முடியாது. அவர் இருந்தது பெரியமேட்டில், வருகைப் பதிவேடும் கோப்பும் உள்ள அரசாங்க வேலையில்.

பள்ளியும் அதன் முதல் பாடமும்

அந்தப் பள்ளியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். சில வருடங்களிலேயே அரசு அதை எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் அதன் நோக்கம் கைத்தொழில் தெரிந்தவர்களை உருவாக்குவது. செதுக்குவேலை, மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை. "ஓவியன்" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற ஆள் அங்கே உருவாவது பிற்பாடுதான். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1957 வரை இருந்தார்.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. 1959-ல் நிறுவப்பட்டது. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் பள்ளியின் இரவுக் காவலரும் ஒருவர் என்பது சென்னையில் பலரும் சொல்லக் கேட்ட செய்தி. இதை நான் சும்மா சுவைக்காகச் சொல்லவில்லை. முதல்வர் தன் சொந்த வேலைக்காகப் பள்ளிக்கு வெளியே ஓடவில்லை. அந்த வளாகத்து மனிதரையே நிற்க வைத்துச் சிற்பம் செய்தார். நம்மை மதிப்பெண் போட்டு உட்கார வைக்கிற மனிதர் தானும் களிமண்ணோடு மல்லுக்கட்டுகிறார் என்பதை மாணவர்கள் பார்த்தார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இதை எழுதி வைக்க முடியாது. பணிக்கர் அங்கே கற்ற முதல் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

25 வயதில் மாணவர்

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தந்தித் துறையிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்த்தார். 1936-ல், 25 வயதில், ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மாதச் சம்பளத்தின் ருசி தெரிந்த பிறகு அதை விட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1940-ல் படிப்பை முடித்தார். அடுத்த வருடமே அங்கேயே ஆசிரியர்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களின் கதை முடிந்துபோகிறது. வேலை கிடைத்தது, வீட்டில் நிம்மதி, படம் போடுவது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போகும், அப்புறம் கோடை விடுமுறைக்கு, அப்புறம் ரிடையர் ஆன பிறகு. எனக்குத் தெரிந்த நல்ல கைக்காரர்கள் எத்தனையோ பேர் இப்படிப் போனார்கள். அவர்களில் யாரும் சோம்பேறி இல்லை.

பணிக்கர் மூன்று வருடத்தில், 1944-ல், முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். இதைக் கலை வரலாற்றில் ஓர் இயக்கமாக எழுதுவார்கள். ஓர் ஆசிரியராக எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பள்ளிக்குள் நாம் "சார்". நம் படத்தை மாணவர் பாராட்டுவார், சக ஆசிரியர் பார்க்கவே மாட்டார். "இந்த மூலை இன்னும் வேகலையே" என்று சொல்ல ஓர் ஆள் இருக்க மாட்டார். சங்கம் அந்த ஆட்களைக் கொடுத்தது. கண்காட்சித் தேதியையும் கொடுத்தது. தேதி இல்லாத படம் முடியாது. என் மாடிப்படி கேன்வாஸே சாட்சி. மார்ச் மாதம் பரீட்சைத்தாள் கட்டு வந்தால் எப்படித் திருத்தி முடித்துவிடுகிறோமோ அப்படி, படத்துக்கும் வெளியிலிருந்து ஒரு கெடு வேண்டியிருக்கிறது.

பதில் தெரியாத கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோனது

1954-ல் பணிக்கர் ஐரோப்பா போனார், அங்கே தன் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை அவர் நீர்வண்ணத்தில் கேரளத்துக் காயலும் தென்னையும் வரைந்து பேர் வாங்கியவர். அப்புறம் மேற்கத்திய நவீன ஓவியத்தின் பக்கம் சாய்ந்தவர். ஊர் திரும்பிய பிறகு அவரை ஒரு கேள்வி விடவில்லை. நாம் போடுகிற நவீன ஓவியத்தில் நம்முடையது எது?

அவர் அந்தக் கேள்வியைத் தன் வீட்டு ஸ்டூடியோவில் பூட்டி வைக்கவில்லை. பள்ளிக்குக் கொண்டுபோனார். சென்னை ஓவியர்கள் கோடுகளை முதன்மையாக வைத்தது, கோயில் சிற்பம், கோலம், நாட்டார் வடிவம், சுவடி எழுத்து என்று தேடிப் போனது எல்லாம் அந்தப் பள்ளியில் நடந்த பேச்சோடு பின்னிப் பிணைந்தவை. தனபால், முனுசாமி, சந்தானராஜ் போன்றவர்கள் அங்கேயே படித்து அங்கேயே கற்பித்து, அதே நேரம் தங்கள் வேலையையும் விடாமல் செய்தார்கள். தனபால் பிற்பாடு முதல்வராகவும் ஆனார்.

என் கணிப்பில் பணிக்கர் கதையின் முடிச்சு இங்கே இருக்கிறது. நாம் பொதுவாக வகுப்பில் கற்பிப்பது நமக்கு நன்றாகத் தெரிந்ததை. பூச்சாடி, மாம்பழம், தூரம் போகப் போகக் கோடுகள் ஒரே புள்ளியில் சேர்கிற மாதிரி வரைவது. பத்தாம் வருடம் கற்பிக்கும்போது கை தானாகப் போகும். மனம் அங்கே இருக்காது. ஸ்டூடியோவில் நாம் திணறுகிற விஷயம் வேறு. இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுந்துவிட்டால் ஒன்று இன்னொன்றின் நேரத்தைத் தின்னும். பணிக்கர் தனக்குத் திணறலாக இருந்ததையே வகுப்பில் வைத்தார். அப்போது மாணவரோடு பேசிய ஒரு மணி நேரம் அவர் ஓவியத்திலிருந்து கழிந்த நேரமாக இல்லாமல், அதிலேயே சேர்ந்த நேரமாக ஆனது.

கணக்கு நோட்டு

1957-ல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் பணிக்கர் முதல்வர் ஆனார். அரசுக் கல்வி நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பு என்றால் என்ன என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் கோப்பு. ஓவியம் செத்துப்போக இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆனால் 1963-ல் அவருடைய "சொற்களும் குறியீடுகளும்" வரிசை தொடங்கியது. அது எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓர் இளம் மாணவரின் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்தார். எண்கள், இயற்கணிதத்தின் ரோமன் எழுத்துகள், வடிவியல் கோடுகள். அந்தப் பக்கமே ஒரு படமாக அவருக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நோட்டு திருத்துகிற ஆசிரியரின் கண் எதைத் தேடும்? தப்பை. சிவப்பு மை பேனாவைக் கையில் எடுத்ததுமே நம் பார்வை அதற்குப் பழகிவிடுகிறது. மார்ஜின் விட்டிருக்கிறானா, விடை சரியா, கையெழுத்து தேறுமா. அதே பக்கத்தை ஓவியராகப் பார்த்தால்? இடது பக்கம் சமன்பாடுகள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கப் பார்த்துக் கொஞ்சம் சாய்கின்றன. நடுவே ஒரு முக்கோணம், அதன் முனைகளில் மூன்று எழுத்துகள். அடித்துவிட்ட இடத்தில் பென்சில் கருமை கூடி ஒரு முடிச்சு. எங்கே கூட்டம், எங்கே வெறுமை என்று பிள்ளை யோசிக்கவே இல்லை. ஆனாலும் பக்கம் தன்னால் அமைந்திருக்கிறது.

பணிக்கரின் அந்த வரிசைப் படங்களில் பொடி எழுத்துகள் வரிவரியாக ஓடும். தூரத்தில் இருந்து பார்த்தால் மலையாளச் சுவடி மாதிரி இருக்கும். கிட்டே போனால் படிக்க முடியாது. எழுத்தின் உருவம் மட்டும் இருக்கும். ஜாதகக் கட்டம் வரும், முக்கோணமும் வட்டமும் வரும், இடையில் மீனோ பறவையோ வரும். பொருள் தேடிப் படிக்கப் போன கண், வழியில் கோடுகளையும் நிறத்தையும் பார்க்க ஆரம்பித்துவிடும். ஐரோப்பாவிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அவரைக் குடைந்த கேள்விக்கு அவர் கண்டுகொண்ட பதில் இது. பதில் வந்த வழி ஒரு பள்ளிப் பையன் நோட்டு.

பாராட்டி மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. பலமான கை உள்ள ஆசிரியரின் நிழல் மாணவர் மேல் விழும். அந்தக் காலத்துச் சென்னைப் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எழுத்தும் சக்கரமும் யந்திரமும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலர் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். ஹரிதாசனின் தாந்திரீக வடிவங்கள் அப்படி. சிலர் அதிலேயே நின்றுவிட்டார்கள். படைக்கிற ஆசிரியருக்கு இந்த ஆபத்து படைக்காத ஆசிரியரைவிட அதிகம். அதே சமயம் கே. ராமானுஜமும் பணிக்கரின் மாணவர்தான். மனநோயோடு போராடிய, பேசவே சிரமப்பட்ட பையன். அவன் கனவு மாளிகைகளும் விநோத விலங்குகளும் பணிக்கரின் எந்தப் படத்தைப் போலவும் இல்லை. அவனைத் திருத்தி வழிக்குக் கொண்டுவராமல் அவன் போக்கிலேயே வரைய விட்டது பணிக்கரின் பெரிய வேலைகளில் ஒன்று என்பேன். ராமானுஜம் 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் ஆசிரியரால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

மெழுகுச் சட்டி

சரி, பணம்?

பணிக்கருக்குச் சம்பளம் இருந்தது. மாணவர்களுக்கு? அன்றைய சென்னையில் நவீன ஓவியம் வாங்க ஆள் இல்லை. படித்து முடித்தவருக்கு விளம்பர நிறுவனம், கைத்தறித் துணிக்கு வடிவம் போடும் அரசின் நெசவாளர் சேவை மையம், பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை என்று சில கதவுகள்தான். ஓவியர்கள் ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். எல்லோருக்கும் அந்த வேலை கிடைக்காது.

பணிக்கர் அதற்குக் கண்ட வழி பள்ளியின் பழைய கைத்தொழில் மரபிலிருந்தே வந்தது. ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணி, தோல், உலோகம், மண் என்று செய்து விற்றார்கள். நன்றாக விற்றது பாத்திக். நான் அதைக் கொஞ்ச நாள் கற்றிருக்கிறேன். சட்டியில் மெழுகை உருக்கி, சூடு ஆறுவதற்குள் தூரிகையால் துணியில் கோடு இழுக்க வேண்டும். சூடு கூடினால் பரவிவிடும், குறைந்தால் துணிக்குள் இறங்காமல் மேலேயே பொருக்கு மாதிரி உட்கார்ந்துவிடும். மெழுகு பட்ட இடம் சாயம் குடிக்காது. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். சாயத்தில் முக்குமுன் துணியைக் கசக்கினால் மெழுகு வெடித்து, அந்த விரிசல்களில் சாயம் நூல் நூலாக இறங்கும். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். ஓவியக் கை இருந்தால் ஒழிய இது அமையாது. ஆனால் உயிரைக் கொட்டிப் போடுகிற படத்தில் செலவாகிற பொருள் இதில் செலவாவதில்லை. மாலையில் படம் போட மனசு மிச்சம் இருக்கும்.

அந்தப் பணம் சேர்ந்து 1966-ல் இஞ்சம்பாக்கத்தில் கடற்கரை ஓரமாக நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஆளுக்கு ஒரு மனை. அவரவர் வீட்டை அவரவர் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வருடம் பணிக்கர் ஓய்வு பெற்று அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கடலையும் மணலையும் எழுதுவார்கள். எனக்கு அந்த மெழுகுச் சட்டிதான் முக்கியம். ஆசிரியர் வேலை ஒன்றுதான் சோறு போடும் என்ற நிலைமையில் இருந்து தன் மாணவர்களை விடுவிக்க, ஓர் ஆசிரியர் எடுத்த முயற்சி அது. கற்பிக்கப் பிடித்தவர் மட்டும் கற்பிக்கட்டும். வேறு வழியில்லாமல் வகுப்புக்கு வரவேண்டாம். இப்படி வாய்விட்டு அவர் சொன்னாரா என்பது இருக்கட்டும், செய்தது இதைத்தான்.

இந்தக் கணக்கில் வராத ஒருத்தியும் இருக்கிறாள். டி.கே. பத்மினி. பொன்னானிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து பணிக்கரிடம் படித்தவர். படித்து முடித்துப் பள்ளியில் ஓவியம் கற்பித்துக்கொண்டே அடர்ந்த நிறத்தில் பெண்களை வரைந்தார். 1969-ல் பிரசவத்தில் இறந்தபோது வயது 29. நான் பழகிய ஓவிய ஆசிரியைகள் யாருக்கும் வேலை இரண்டு இல்லை, மூன்று. பள்ளி, ஓவியம், வீடு. ஆண் ஓவியர்களின் சாதனையை வைத்துப் போடுகிற எந்தக் கணக்கும் அந்த மூன்றாவதை யார் செய்தார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறது. பணிக்கரின் கணக்கும்தான்.

இன்றைக்கு எவ்வளவு பொருந்தும்

முதல்வராக இருந்தவரின் அனுபவத்தைப் பகுதிநேர ஆசிரியர் தலையில் அப்படியே வைக்க முடியாது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். மிச்ச நாட்களில் சுவர் விளம்பரம், கல்யாண மேடை அலங்காரம், பள்ளி ஆண்டு விழா பேனர் என்று ஓடுகிறவர்களிடம் போய் "உங்கள் கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்வது அநியாயம். முதலில் அவர்களுக்கு முழுநேர வேலையும் முறையான சம்பளமும் வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு.

என்னைப் போல நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. பணிக்கரைப் படித்த பிறகு நான் மாற்றியது ஒன்றே ஒன்று. கரும்பலகையில் படம் போட்டு, பார்த்து வரையச் சொல்வதை நிறுத்தினேன். போன வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு சைக்கிளை உள்ளே கொண்டுவந்து நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வரைந்தோம், நானும் கடைசி பெஞ்சில். நான் இருந்த இடத்திலிருந்து முன் சக்கரம் சாய்வாகத் தெரிந்தது. சாய்ந்த சக்கரம் முட்டை வடிவம். ஹேண்டில் திரும்பியிருந்ததால் பின் சக்கரத்தின் முட்டை வேறு, முன் சக்கரத்தின் முட்டை வேறு. மூன்று முறை அழித்தேன். பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், சாருக்கும் சக்கரம் வரலடா" என்று வகுப்புக்கே அறிவித்தான். சிரித்தார்கள். அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. இரண்டு பேர் எழுந்து வந்து என் இடத்தில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். "சார், கம்பி எல்லாம் நடுவுல சேரலயே, ஒரு பக்கமா இல்ல தள்ளி இருக்கு" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது சரி. நான் மூன்று முறை அழித்தும் பார்க்காதது அது.

அந்தக் காகிதம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த கேன்வாஸை வெளியே எடுத்து வெள்ளையடித்து, அதே சக்கரத்தைப் பெரிதாக வரைய ஆரம்பித்திருக்கிறேன். வாரத்தில் மூன்று வகுப்பு நேரம் நான் பிள்ளைகளோடு சேர்ந்து வரைகிறேன். தலைமையாசிரியர் முதலில் முகம் சுளித்தார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கணக்கு ஆசிரியர் டிராயிங் பீரியடைக் கடன் கேட்டால் மட்டும் இன்னும் சண்டை போட வேண்டியிருக்கிறது.

பணிக்கர் 1977-ல் இறந்தார். அவர் கேரளத்துக்குக் கொடுத்த ஓவியங்கள் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே உள்ள கூடத்தில் இருக்கின்றன. அந்தக் கேள்வியோடு வருகிற பிள்ளைகளை இப்போதெல்லாம் அங்கே போகச் சொல்கிறேன். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்விடலாம். படத்தை முதலில் தூர நின்று பாருங்கள், பிறகு கிட்டே போய் எழுத்தைப் படிக்கப் பாருங்கள், கடைசியாகப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். 1957-க்கும் 1967-க்கும் நடுவில் உள்ளவற்றைத் தனியாக.